மோஷியில் முதல் ஐந்து நாட்கள்: ஒரு தன்னார்வலர் விடுதி பற்றிய மதிப்புரை

தான்சானியாவின் வடக்கில், கிளிமஞ்சாரோ மலையின் தெற்கு அடிவாரத்தில் இருக்கிறது மோஷி நகரம். 2025 ஜூலையில் அங்குள்ள ஓர் அரசு ஆரம்பப் பள்ளியில், ஆங்கில வகுப்புக்கு உதவியாளராக ஏழு வாரம் தன்னார்வப் பணி செய்தேன். அந்த ஏழு வாரமும் நான் தங்கியிருந்த விடுதியையும், வந்து இறங்குபவர்களை ஊருக்குப் பழக்குவதற்காக அவ்விடுதி நடத்தும் ஐந்து நாள் ஏற்பாட்டையும் பற்றியே இங்கு எழுதுகிறேன். விடுதி என்பது பன்னிரண்டு கட்டில்கள் கொண்ட ஒரு வீடுதான். ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் அதை நடத்துகிறார். இதே முறையில் இயங்கும் வீடுகள் மோஷியில் வேறும் இருப்பதாலும், நான் சொல்லப்போவதில் குறைகளும் கலந்திருப்பதாலும், பெயரை விட்டுவிட்டு விவரங்களை மட்டும் தருகிறேன்.

கட்டணம் வாரத்துக்கு 4,20,000 தான்சானிய ஷில்லிங். ஒரு டாலருக்கு 2,500 ஷில்லிங்கை ஒட்டிய மாற்று விகிதத்தில் கணக்கிட்டுப் பார்த்தால் இது மலிவும் இல்லை, கொள்ளையும் இல்லை. இருவர் தங்கும் அறை, காலை உணவு, இரவு உணவு, விமான நிலையத்திலிருந்து அழைத்து வரும் வண்டி, முதல் ஐந்து நாள் ஓரியன்டேஷன் ஆகியவை இதில் அடங்கும். எந்தச் செலவுக்கு எவ்வளவு போகிறது என்று கையால் எழுதிய தாள் ஒன்று சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. தன்னார்வலரிடம் பணம் வாங்கும் இடங்கள் எல்லாமே அப்படி ஒரு தாளை ஒட்டினால் பல சந்தேகங்கள் முதல் நாளிலேயே தீர்ந்துவிடும். 2025 மார்ச் இறுதியில் வந்த விதியின்படி, நாட்டுக்குள் பொருளுக்கும் சேவைக்கும் வெளிநாட்டு நாணயத்தில் விலை சொல்லக் கூடாது. ஆகவே யாராவது டாலரில் கட்டச் சொன்னால் ஏன் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நான் வந்து சேர்ந்தது ஒரு வியாழக்கிழமை இரவு. கிளிமஞ்சாரோ விமான நிலையம் மோஷிக்கும் அருஷாவுக்கும் நடுவில், மோஷியிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே விடுதியிலிருந்து ஒரு கடிதம் வந்திருந்தது. மஞ்சள் காய்ச்சல் பரவும் நாட்டிலிருந்து வந்தாலோ, அத்தகைய நாட்டின் விமான நிலையத்தில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலோ தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள் என்றும், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் அது செல்லும் என்றும் அதில் எழுதியிருந்தார்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜூன் முதல் தேதியிலிருந்து தடை இருப்பதால் பெட்டிக்குள் துணி சுற்றிய கவர்களை எல்லாம் முன்பே எடுத்துவிடும்படியும் சொல்லியிருந்தார்கள். பக்கத்து வரிசையில் நின்ற ஒருவர் தம் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு கவராக உருவிப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் அந்தக் கடிதத்தின் அருமை எனக்குப் புரிந்தது.

வீட்டு வாசலில் நின்றிருந்த, விடுதியை நடத்தும் அந்த அம்மையார் என் பெட்டியை வாங்கிக்கொண்டு முதலில் சொன்னது, "போலே நா சஃபாரி" என்பது. சுவாஹிலியில் சஃபாரி என்றால் பயணம். போலே என்பது, உங்களுக்கு நேர்ந்த சிரமத்துக்கு நான் வருந்துகிறேன் என்று ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் சொல். தடுக்கி விழுந்தவருக்கும், துக்க வீட்டாருக்கும், மூட்டை தூக்கிப் போகிறவருக்கும் அதையே சொல்கிறார்கள். வீட்டில் எல்லோரும் அவரை "மாமா" என்று அழைக்கிறார்கள். சுவாஹிலியில் மாமா என்றால் அம்மா. தமிழ் நாக்குக்கு ஒரு பெண்மணியை மாமா என்று கூப்பிட இரண்டு நாள் பிடிக்கும். ஆனால் பெயரைச் சொல்லாமல் உறவைச் சொல்லிக் கூப்பிடும் அந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல என்பதால், மூன்றாம் நாள் அது தானாக வந்துவிடுகிறது.

அறைக்குள் நுழைந்ததும் அவர் செய்த காரியத்தை விரிவாகவே சொல்ல வேண்டும். கட்டிலுக்கு மேலே முடிச்சுப் போட்டுத் தொங்கிய கொசுவலையை அவிழ்த்து, நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் கையை நுழைத்துச் செருகி, பிறகு முழுவதையும் பிரித்துவிட்டு, இப்போது நீங்கள் செய்யுங்கள் என்றார். நான் செருகியதில் தலைமாட்டு மூலை நழுவியது. மறுபடியும் பிரித்தார். மூன்றாவது முறை சரியாக வந்த பிறகு கைவிளக்கை எடுத்து வலையின் உட்புறமாக நகர்த்திக்கொண்டே போனவர், கால்மாட்டில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்து, கூந்தலில் செருகியிருந்த ஊசியை எடுத்து வெள்ளை நூலால் அங்கேயே தைத்தார். மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் கொசு அந்தி மயங்கியதிலிருந்து விடியும் வரை கடிப்பது. கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் இருப்பதால் மோஷியில் கடற்கரை ஊர்களைவிட மலேரியா குறைவென்றாலும், இல்லாமல் இல்லை. ஏற்கெனவே தைத்திருக்க வேண்டிய ஓட்டை அது என்று குறை சொல்லலாம். நள்ளிரவு நெருங்கும்போது ஒருவர் உட்கார்ந்து அதைத் தைத்ததை நான் அதற்கு மேலாக வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை பள்ளிக்குப் போகத் தயாராக நின்றபோது, இன்று எங்கும் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அன்று முதல் திங்கள் வரை நான்கு நாட்களும் வேலை கிடையாது. என்னோடு வந்திருந்த மூவரில் ஒருவர் இதை வெளிப்படையாகவே ஆட்சேபித்தார். இத்தனை செலவு செய்து வந்தது வீட்டில் உட்காரவா என்றார். எனக்கும் அந்த எண்ணம் இருந்தது. இப்போது ஏழு வாரத்தையும் திரும்பிப் பார்க்கும்போது, கட்டணத்தில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி வேலை தராத அந்த நாட்கள்தான் என்று உறுதியாகச் சொல்வேன். வேறொரு ஏற்பாட்டின் வழியே வந்து, இறங்கிய மறுநாளே வகுப்பறையில் நிறுத்தப்பட்ட இரண்டு பேரைப் பின்னர் சந்தித்தேன். அவர்கள் மூன்றாவது வாரத்திலும் கடையில் சில்லறை எண்ணத் தடுமாறினார்கள். வேலையைவிட அன்றாடம்தான் அவர்களைக் களைப்படைய வைத்திருந்தது.

அன்று முழுவதும் எங்களுக்கு இருந்த ஒரே பயிற்சி, தெருமுனையில் உள்ள டுக்காவுக்கு, அதாவது மளிகைக் கடைக்கு, ஒவ்வொருவரும் தனியாகப் போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி வருவது. ஆனால் வழியில் சந்திக்கும் ஒவ்வொரு பெரியவருக்கும் வணக்கம் சொல்லியாக வேண்டும். வயதில் மூத்தவருக்கு "ஷிகமோ" என்று சொல்ல, அவர் "மரஹபா" என்று பதில் தருவார். ஒத்த வயதினரிடம் "ஹபாரி" என்றால் "ன்ஸூரி" என்று பதில் வரும். விலை கேட்பதும் வழி கேட்பதும் இதற்குப் பிறகுதான். வணக்கம் சொல்லாமல் நேரே காரியத்தைத் தொடங்குபவரை அவ்வூரார் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள் என்றாலும், மரியாதை தெரியாதவர் என்று மனத்தில் குறித்துக்கொள்வார்கள். அடுத்த வாரம் வகுப்பறைக்குள் நுழைந்தபோது பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று ஒரே குரலில் "ஷிகமோ ம்வாலிமு" என்றார்கள். ம்வாலிமு என்றால் ஆசிரியர். நாட்டின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரேயை இன்றும் அந்தச் சொல்லாலேயே குறிப்பிடுகிறார்கள். அந்தக் கணத்தில் சொல்ல வேண்டிய பதில் யோசிக்காமல் வாயில் வந்ததற்குக் காரணம், டுக்காவுக்கு நடந்த அந்த இருநூறு அடிகள்தான்.

சனிக்கிழமை சிம் கார்டு, பணம், சந்தை. வெளிநாட்டவர் சிம் வாங்க பாஸ்போர்ட்டைக் கொடுத்து விரல் ரேகையும் பதிய வேண்டும். தெருவில் யாராவது ஏற்கெனவே பதிந்த சிம்மை நீட்டினால் வாங்கக் கூடாது. அந்த எண்ணிலேயே எம்-பெசா போன்ற மொபைல் பணச் சேவையைத் திறந்துகொண்டால், தக்காளிக்காரர் முதல் மருந்துக் கடை வரை அதில் கட்டலாம். மிகப் பெரிய நோட்டே 10,000 ஷில்லிங் என்பதால் கைப்பணம் கட்டுக்கட்டாகச் சேரும். அதைப் பொது இடத்தில் விரித்து எண்ணாமல் இருக்க முன்கூட்டியே இரண்டு பாக்கெட்டில் பிரித்துவைக்கும் வழக்கத்தையும் சொல்லித் தந்தார்கள். ஊருக்குள் போய்வர டாலாடாலா எனும் சிற்றுந்து, பஜாஜி எனும் மூன்று சக்கர வண்டி, போடாபோடா எனும் வாடகை மோட்டார் சைக்கிள் ஆகியவை உண்டு. போடாபோடாவில் ஏற விடுதி அனுமதிப்பதில்லை. தலைக்கவசம் இல்லாமல் அவை ஓடுவதைப் பார்த்த பிறகு அந்த விதியோடு எனக்கு முழு உடன்பாடு.

வீட்டிலும் சில பாடங்கள் இருந்தன. மின்சாரம் லுக்கு எனப்படும் முன்பணக் கணக்கில் ஓடுகிறது. பணம் கட்டியதும் போனுக்கு இருபது இலக்க எண் வரும். அதை மீட்டரில் தட்டினால்தான் விளக்கு எரியும். இருட்டில் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு எண்களை வாசிக்க, இன்னொருவர் மீட்டரில் அழுத்த, பதினெட்டாவது இலக்கத்தில் தவறி முதலிலிருந்து தொடங்கிய இரவு எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. பிளக் பிரிட்டிஷ் வகை மூன்று செவ்வக முனை கொண்டது. குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது.

ஓரியன்டேஷனில் எனக்கு நேரடியாகக் கைகொடுத்தது மணிக் கணக்கு. சுவாஹிலியில் பகலின் மணிகளைச் சூரிய உதயத்திலிருந்து எண்ணுகிறார்கள். நமது காலை ஏழு மணி அவர்களுக்கு "சா மோஜா", அதாவது ஒரு மணி. எட்டு மணி "சா ம்பிலி", இரண்டு மணி. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஒரே நேரத்தில் எழுகிறது. ஆகவே இந்தக் கணக்கு அங்கே இயல்பாகப் பொருந்துகிறது. விளக்கிச் சொன்னபோது எளிதாகவே தோன்றியது. ஞாயிறன்று சந்தையில் கிட்டெங்கே துணி வாங்கித் தையல்கார அம்மாவிடம் கொடுத்தேன். நாளை "சா டிசா"வுக்கு வாருங்கள் என்றார். டிசா என்றால் ஒன்பது என்பது தெரிந்திருந்ததால் மறுநாள் காலை ஒன்பதுக்குப் போய் நின்றேன். அவர் சொன்னது பிற்பகல் மூன்று மணி. போலே என்று சொல்லி ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, தேநீரும் வரவழைத்து, சட்டையை என் கண் முன்பாகவே தைத்து முடித்துக் கொடுத்தார். பள்ளியின் முதல் நாளில் நேராமல் இந்தத் தவறு தையல் கடையில் நேர்ந்ததற்கு அந்த நான்கு நாட்களுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

உணவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சோள மாவில் கிண்டிய கெட்டியான உகாலி, அவரை வகையில் செய்த மஹராகே, ம்சிச்சா என்னும் கீரை, முட்டைக்கோஸ், சப்பாத்தி, வாழைக்காய் சேர்த்த ம்டோரி சூப் ஆகியவை மாறி மாறி வரும். கையால் உருட்டிச் சாப்பிடுவது என்பதால் எனக்குச் சிரமமே இல்லை. சைவம் உண்பவர் "சிலி ந்யாமா", இறைச்சி சாப்பிட மாட்டேன், என்ற இரண்டு சொற்களைக் கற்றுக்கொண்டு போக வேண்டும். கீரையும் மாட்டிறைச்சிக் குழம்பில் வெந்திருக்கக்கூடும் என்பதால் அது எந்தச் சாற்றில் வெந்தது என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். மாமா தனிப் பாத்திரம் வைத்தார்.

ஞாயிறு மாலை ஒரு செவிலியர் வந்து ஒரு மணி நேரம் பேசினார். மலேரியாக் கொசு கடித்துக் காய்ச்சல் வர குறைந்தது ஏழு நாளாவது ஆகும். ஆகவே முதல் வாரத்தைவிடப் பிந்தைய வாரங்களில்தான் கவனம் வேண்டும். நாடு திரும்பிப் பல வாரம் கழிந்து காய்ச்சல் வந்தாலும் மருத்துவரிடம் தான்சானியாவில் இருந்ததைச் சொல்ல வேண்டும் என்றும் அழுத்திச் சொன்னார். எங்களில் டாக்ஸிசைக்ளின் என்ற மலேரியாத் தடுப்பு மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவருக்கு, மாத்திரையை நிறையத் தண்ணீரோடு விழுங்கி உடனே படுக்காமல் இருக்க வேண்டும், வெயிலில் தோல் எளிதில் வெந்துவிடும், கிளம்பிய பிறகும் நான்கு வாரம் தொடர வேண்டும் என்று தனியாக உட்காரவைத்து விளக்கினார். இந்த ஒரு மணி நேரம் மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைவிடப் பல மடங்கு பயனுள்ளது.

இனிக் குறைகள். முதலாவது விசா. நான் இடத்தைப் பதிவு செய்தது வெளிநாட்டில் இருக்கும் ஓர் இடைத்தரகு நிறுவனத்தின் வழியாக. சுற்றுலா விசாவில் போனால் போதும், எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்று அவர்கள் எழுதியிருந்தார்கள். அது தவறு. தான்சானியாவில் ஊதியம் இல்லாத தன்னார்வப் பணியும் சுற்றுலா விசாவில் அடங்காது. குறுகிய காலத்துக்கு பிசினஸ் விசா அல்லது நீண்ட காலத்துக்கு சி வகுப்பு வசிப்பிட அனுமதி என்று முறையாகப் பெற வேண்டும். நல்லவேளையாக விடுதியின் கடிதத்தில் இது சரியாக எழுதப்பட்டிருந்ததால் புறப்படும் முன்பே திருத்திக்கொண்டேன். ஆயினும் விடுதி அந்தத் தரகு நிறுவனத்தோடு தொடர்ந்து தொழில் செய்கிறது. தம் பெயரில் தவறான தகவல் பரவுவதை அவர்கள் தடுத்தாக வேண்டும்.

இரண்டாவது குறை எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐந்து நாளில் சந்தைக்கும் மணிக்கும் கொசுவலைக்கும் கொடுத்த நேரத்தில் பாதியையாவது வகுப்பறைக்குக் கொடுத்திருக்க வேண்டும். திங்கட்கிழமை, ஜூலை 7, சபா சபா எனப்படும் அரசு விடுமுறை நாளில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து பள்ளியைப் பற்றிப் பேசியது அரை மணி நேரம் மட்டுமே. அரசு ஆரம்பப் பள்ளிகளில் பயிற்று மொழி சுவாஹிலி, இடைநிலைப் பள்ளியில்தான் அது ஆங்கிலமாக மாறுகிறது, அந்த மாற்றத்தில் பல பிள்ளைகள் தடுமாறுகிறார்கள் என்ற பின்னணியைச் சொன்னார்கள், நல்லதுதான். ஆனால் பள்ளிகளில் பிரம்படிக்கு அங்கே சட்டம் இடம் தருகிறது என்பதை யாரும் சொல்லவில்லை. தலைமை ஆசிரியரோ அவர் எழுத்தில் அனுமதித்தவரோ மட்டும், நான்கு அடிக்கு மேற்படாமல், பதிவேட்டில் குறித்துத்தான் தண்டிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இவற்றையெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டேன். செவ்வாய்க்கிழமை காலை, தாமதமாக வந்த சிறுவர்கள் மதிலோரம் வரிசையாக நின்று உள்ளங்கையை நீட்டியதைப் பார்த்தபோது எனக்கு எதுவும் தெரியாது. எழுபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்த வகுப்பில் அன்று நான் செய்ய வந்த எதையும் செய்ய முடியவில்லை.

அன்றிரவு மாமாவிடம் சொன்னேன். அவர் தம் ஆசிரியப் பணிக் காலத்தைப் பற்றி நெடுநேரம் பேசினார். தாமும் பிரம்பு பிடித்திருந்ததாகவும், பிறகு விட்டதாகவும் மறைக்காமல் சொன்னார். மற்ற ஆசிரியர்கள் முன்னால் வாதிடாமல் தலைமை ஆசிரியரிடம் தனியாகப் போய், என் வகுப்பு நேரத்தில் மட்டும் பிரம்பு வேண்டாம் என்று கேட்கும்படி வழி சொன்னார். கேட்டேன், ஒப்புக்கொண்டார். இந்தப் பேச்சு திங்கட்கிழமையே நடந்திருக்க வேண்டும். தன்னார்வலர் அஞ்சிவிடுவார் என்று மறைத்தால், அஞ்சுவது தள்ளிப்போகுமே தவிர இல்லாமல் போகாது. வெறுமனே ஒரு நாள் வகுப்பின் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கும்படி ஏற்பாடு செய்தாலும் பெரிய உதவியாக இருக்கும்.

மற்றபடி வெந்நீர் காலையில் முதலில் எழுபவருக்கு மட்டும்; வைஃபை பெயரளவுக்கு. ஜூலை இரவுகள் குளிரும் என்பதால் ஒரு கம்பளி ஆடை எடுத்துப்போக வேண்டும்.

பிள்ளைகளைக் காக்கும் விஷயத்தில் இவ்விடுதி கண்டிப்பாக இருக்கிறது. காவல்துறை நன்னடத்தைச் சான்று இல்லாதவரைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. முதல் இரண்டு வாரம் பிள்ளைகளைப் படம் எடுக்க அனுமதியில்லை. எத்தனை பேர் விரும்பிக் கேட்டாலும் அனாதை இல்லங்களுக்கு யாரையும் அனுப்புவதில்லை. சில வாரம் பாசம் காட்டிவிட்டுப் பிரிந்துபோகிறவர்கள் வரிசையாக வந்துகொண்டே இருப்பது அந்தக் குழந்தைகளுக்கு எவ்வளவு கேடு என்பதை மாமா சொன்ன விதத்தில், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை.

நான்கு வாரத்துக்குக் குறைவாகத் தங்குபவருக்கு ஐந்து நாளை இப்படிக் கழிப்பது கட்டுபடியாகாது. அவர்களுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அதற்கு மேல் இருப்பவர்கள் தயங்காமல் போகலாம், பதிவை மட்டும் தரகர் வழியாகச் செய்யாமல் விடுதிக்கே நேரடியாக எழுதிச் செய்வது நல்லது. திரும்பிப் போகும்போது விமான நிலையத்துக்கான வண்டி கட்டணத்தில் சேராது. அதைக் கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலையே மாமாவிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது அது சுவாஹிலி மணியா, விமானச் சீட்டில் உள்ள மணியா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.